எந்தப் பெயரில் தேடுவது? பள்ளி நூலகப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நூலகப் பொறுப்பை ஒப்படைக்கும்போது பீரோ சாவி, இருப்புப் பதிவேடு, வழங்கல் பதிவேடு மூன்றும் கைக்கு வந்துவிடும். எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் லேபில் இருக்கும் கம்ப்யூட்டர் வழியாக எட்டக்கூடிய நூல்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை. அவை எங்கே இருக்கின்றன, எப்படித் திறப்பது, எதைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்று யாரும் சொல்லித் தருவதும் இல்லை. கடலூரில் ஒரு பள்ளி நூலகத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இதெல்லாம் பிடிபட நாலைந்து வருடம் ஆயிற்று. புதிதாக வருகிறவருக்கு ஒரு மாதம் போதும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்விக்கு உரிய பெயர்கள்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி மதிய இடைவேளையில் வந்து, "மிஸ், எங்க ஊர்ல வெள்ளைக்காரன் கோட்டை இருந்துச்சாம். அதப் பத்தி புக்கு இருக்கா?" என்று கேட்டாள். அலமாரியில் இருந்த மாவட்ட வரலாற்று நூலில் அரைப் பக்கம் இருந்தது. அது அவளுக்குப் போதவில்லை. சரி, வா என்று லேபுக்கு அழைத்துப் போனேன். "தேவனாம்பட்டினம் கோட்டை" என்று அடித்தோம். சில்வர் பீச் படங்களும் தங்கும் விடுதி விளம்பரங்களும்தான் வரிசையாக வந்தன. அவள் முகம் வாடிவிட்டது. அப்புறம் அந்தக் கோட்டையின் ஆங்கிலப் பெயரான செயின்ட் டேவிட் கோட்டை என்பதை ஆங்கிலத்தில் அடித்தோம். திரை நிறைய நூல்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தளத்தில் 1906-இல் வெளியான தென்னாற்காடு மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்) முழுசாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. கடலூர் வட்டத்துக்கு உரிய பகுதியைத் திறந்து அவளும் நானும் வரிவரியாகப் படித்தோம். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதற்குள் அடங்கும் ஊர்களும் கம்பெனிக்கே என்று பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. "மிஸ், எங்க அத்தையக் கட்டிக் குடுத்தது குண்டு உப்பலவாடியிலதான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் லேப் சார் எழுந்து வந்துவிட்டார்.

பிள்ளை கேட்ட பெயர் ஒன்று. நூலை எழுதியவர் வைத்த பெயர் வேறு. நடுவில் நின்று இரண்டையும் கோத்துவிடுவதுதான் நம் வேலை. தளங்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். பெயர்களைச் சேர்த்துவைப்பதைத்தான் யாரும் செய்து தர மாட்டார்கள்.

அதனால் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு அட்டை எடுங்கள். பழைய நூற்பட்டியல் அட்டைகள் மீதம் இருந்தால் அவையே போதும், பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். பிள்ளையின் கேள்வியை மேலே எழுதி, அந்தப் பொருளுக்கு உள்ள எல்லாப் பெயர்களையும் கீழே எழுதுங்கள். அன்றைக்கு நான் எழுதிய அட்டை இப்போது இப்படி இருக்கிறது:

தேவனாம்பட்டினம் கோட்டை
செயின்ட் டேவிட் கோட்டை, புனித டேவிட் கோட்டை
தெக்னபட்டம் (தேவனாம்பட்டினத்துக்குக் கம்பெனிக்காரர்கள் எழுதிய பெயர்)
கடலூர், கூடலூர்; பிரெஞ்சில் கோந்தெலூர்
தென்னாற்காடு மாவட்டம்
1690 வாங்கியது, 1746 சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது தலைமையகம் இங்கே, 1758 பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது
குண்டு கிராமம், குண்டு உப்பலவாடி

ஆண்டுகளையும் எழுதிவைப்பது வீண் வேலையாகத் தெரியலாம். ஒரே பெயரில் ஆயிரம் முடிவு வந்து குவியும்போது ஆண்டுதான் கைகொடுக்கும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய பெயர் தென்னாற்காடு. 1993-இல்தான் அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. அதற்கு முன் எழுதிய ஆய்வேடு, அறிக்கை, புள்ளிவிவரம் எதுவானாலும் பெரும்பாலும் தென்னாற்காடு என்ற பெயரில்தான் கிடைக்கும். பரங்கிப்பேட்டையைப் பழைய நூல்களில் போர்ட்டோ நோவோ என்று தேட வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, பிரெஞ்சு எழுத்துக்கூட்டிலும் ஒருமுறை போட வேண்டும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா என்ற மின்னூலகம் இலவசம். பழைய புதுச்சேரி நகர வரைபடங்கள், கம்பெனிக் காலத்துப் பதிவுகள் எல்லாம் அங்கே உண்டு. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் வரைபடத்தைப் பார்க்கத் தடையில்லை. கோட்டை எங்கே இருந்தது, வாய்க்கால் எப்படி ஓடியது என்று பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள்.

வேற்றுமொழிப் பெயர் தெரியாதபோது நான் செய்வது, தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையைத் திறந்து மொழிப் பட்டியலைப் பார்ப்பது. அதில் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ அழுத்தினால் அந்த மொழியில் என்ன பெயர் என்று தெரிந்துவிடும். தாவரம், விலங்கு, மீன் என்றால் அறிவியல் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி முந்திரியைப் பற்றி ஆய்வு செய்யும் பையனுக்கு "முந்திரி" என்று தேடினால் சமையல் குறிப்புகள்தான் கிடைக்கும். அறிவியல் பெயரைப் போட்டால் ஆய்வுக்கட்டுரைகள் வரும். எந்த நாட்டுக்காரர் எழுதியிருந்தாலும் அந்தப் பெயர் மாறாது.

எழுத்தாளர் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். நம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனுக்கு இயற்பெயர் சொ. விருத்தாசலம். இரண்டிலும் தேட வேண்டும். மஞ்சக்குப்பத்துக்காரரான ஜெயகாந்தன் பெயர் பழைய பதிப்புகளில் ஜயகாந்தன் என்று இருக்கும். மு.வ.வை எடுத்துக்கொண்டால் வரதராசன், வரதராசனார், வரதராஜன் மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தும் பாருங்கள், வைக்காமலும் பாருங்கள்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தேடுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையே வேறு. பாரதியார் என்பதை நாம் பஸ்ஸுக்குப் போடும் எழுத்தில் தொடங்குவோம். அவர்கள் பேப்பருக்குப் போடும் எழுத்தில் தொடங்குவார்கள். தமிழில் ப ஒன்றே ஆகையால் அவர்களுக்கும் அதற்கு ஒரே எழுத்துதான். த என்று வரும் இடத்தில் நாம் இரண்டு எழுத்துப் போடுவோம், அவர்கள் ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இது தெரியாமல், அந்த நூலகங்களில் பாரதி நூலே இல்லை என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் தேடும்போது சொல்லின் முடிவையும் பார்க்க வேண்டும். "புயலால் பாதிக்கப்பட்ட" என்று அடித்தால் அதே வடிவம் உள்ள இடத்தை மட்டும் காட்டும் தளங்கள் பல உண்டு. "புயல்" என்று வேர்ச்சொல்லை மட்டும் கொடுங்கள். முடிவு அதிகமாக வந்தால் இன்னொரு சொல் சேருங்கள்: புயல் தானே கடலூர் 2011. ஒரு தொடர் அப்படியே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் பாதி கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாம் படி: எந்தக் கதவு?

எல்லாத் தளத்தையும் முதல் நாளே திறந்து பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை கேட்பது கதையா, பழைய நூலா, பாடநூலா, ஆய்வா என்பதைப் பொறுத்து ஒரு கதவைத் தேர்ந்தெடுங்கள். தளத்தின் பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கூகுளில் கொடுத்தால் போய்விடலாம்.

பழைய தமிழ் நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய அரசு நிறுவனம் நடத்துவது. நூல்களோடு பருவ இதழ்கள், சுவடிகள் எல்லாம் உண்டு. உறுப்பினர் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள் என்பதால் உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேடுவதைவிடத் தலைப்பு, ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுவதே பலன் தரும்.

மதுரைத் திட்டம் வேறு வகை. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பைல் சின்னதாக இருக்கும், சொல்லைத் தேடலாம், வேண்டிய பாட்டை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம். தமிழ் ஐயா ஒரு குறளையோ ஒரு புறநானூற்றுப் பாட்டையோ அவசரமாகக் கேட்டால் நான் போகும் இடம் இதுதான். விக்கிமூலமும் இதே வகை.

இலங்கைத் தமிழர் சார்ந்த நூல், இதழ், செய்தித்தாள் என்றால் நூலகம் என்ற பெயரிலேயே 2005-இலிருந்து இயங்கும் தளம் இருக்கிறது. இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே மனமுவந்து இலவசமாகக் கொடுத்த நூல்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். செல்போனில் படிக்க ஒரு வடிவம், அச்சிட ஒரு வடிவம் என்று பிரித்துத் தருவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் தயங்காமல் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. படக்கதைகள் வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரிக்கப்பட்டிருக்கும். ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு நிலை 1 கதையைத் தனியாக, மற்றவர்கள் கண்ணில் படாமல் கொடுங்கள். அதை நான் கட்டாயம் பார்த்துக்கொள்வேன். ஒரு பிள்ளை வெட்கப்பட்டு நூலகத்தை விட்டுப் போய்விட்டால் திரும்ப வருவது கஷ்டம். கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். ஆங்கிலக் கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு கடலூர்ப் பேச்சில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். படகு, வலை, கருவாடு என்று வந்தால் மீனவப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல் நமக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் ஆசிரியர், நாம் மாணவர்.

நேஷனல் புக் டிரஸ்டின் ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயாவிலும் தமிழ் நூல்கள் உண்டு. 3 முதல் 8 வயது, 8 முதல் 11, 11 முதல் 14, 14 முதல் 18 என்று வயதுவாரியாகப் பிரித்திருப்பதால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

பாடநூலைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் மாநிலப் பாடநூல்களின் மின்பதிப்பு, சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்ட புதுச்சேரி அரசுப் பள்ளி என்றால் என்.சி.இ.ஆர்.டி. மின்னூல்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்தப் பக்கத்து நூலைக் கொடுத்துவிடக் கூடாது.

இந்திய தேசிய மின்னூலகத்துக்கு ஒரு வார்த்தை. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி நடத்துவது, 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பல நிறுவனங்களில் இருக்கும் நூல்களுக்கு ஒரே இடத்தில் வழிகாட்டும் பெரிய பட்டியல் என்று இதைப் புரிந்துகொள்ளுங்கள். அழுத்தினால் பல சமயம் வேறு தளத்துக்குப் போகும், சிலது திறக்காது. மொழி, கல்வி நிலை என்று வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. பள்ளி தன் பெயரில் கிளப் ஆகப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை.

எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினாலும் பிள்ளைகளின் செல்போன் எண்ணையோ வீட்டு மெயிலையோ கொடுக்க வேண்டாம். நூலகத்துக்கென்று ஒரு மெயில் முகவரி வைத்து அதில் பதியுங்கள். பாஸ்வேர்டை இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் பூட்டிவிட்டால், உங்களுக்கு மாறுதல் வந்து போன பிறகும் அடுத்தவருக்குப் பயன்படும்.

மூன்றாம் படி: ஆய்வுத் தளங்கள்

பள்ளிப் பிள்ளைக்கு ஆய்வுக்கட்டுரை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் பங்கெடுக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஒரு குழுவைத் தயார் செய்து பாருங்கள், அப்போது தெரியும். தவிர, பி.எச்டி. செய்யும் ஆசிரியர்களும் நம்மிடம்தான் வருவார்கள்.

கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள். அதில் கற்க வேண்டிய பொத்தான்கள் இரண்டே இரண்டு. முடிவின் வலப்பக்கம் பி.டி.எஃப். என்று காட்டினால் முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைக்கிறது என்று பொருள். அது இல்லாவிட்டால் கீழே "எல்லாப் பதிப்புகளும்" என்பதை அழுத்துங்கள், ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஒரு படி போட்டுவைத்திருக்கலாம். இரண்டாவது பொத்தான், இந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று காட்டுவது. இது ஏன் முக்கியம் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

பதினோராம் வகுப்புக் குழு ஒன்று பிச்சாவரம் காடு சுனாமியைத் தடுத்ததா என்ற கேள்வியோடு வந்தது. அட்டை போட்டோம். அலையாத்திக் காடு, சதுப்புநிலக் காடு, சுரபுன்னைக் காடு, கண்டல், மாங்குரோவ் என்று தமிழிலேயே ஐந்து பெயர். தேடியதும் 2005-இல் வந்த கட்டுரை கிடைத்தது. பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், கரையோர மீனவக் குடியிருப்புகள் 18-ஐ எடுத்துக்கொண்டு, காடு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று காட்டியிருந்தார்கள். அதே ஆண்டில் சயன்ஸ் ஆய்விதழிலும் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது, அதுவும் மரங்கள் காத்தன என்றே சொன்னது. பிள்ளைகள் ஆய்வு முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள்.

உட்காருங்கள் என்று சொல்லி முதல் கட்டுரையின் மேற்கோள் பொத்தானை அழுத்தினோம். 2006-இல், அந்த முதல் கட்டுரை வந்த அதே ஆய்விதழில் மூன்று பேர் மறுப்பு எழுதியிருந்தார்கள். அதே 18 குடியிருப்புகளின் எண்களை மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்பதே சேதத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது, அதைக் கழித்துவிட்டால் காட்டின் பங்கு மிகச் சிறிது என்று வாதிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பின் அந்தக் குழு கேள்வியையே மாற்றிக்கொண்டது. மேடு, தூரம், காடு மூன்றையும் தாங்களே அளந்து பார்ப்பது என்று முடிவு செய்து, சனிக்கிழமை முழுக்க அளவு நாடாவோடு கிள்ளை பக்கம் அலைந்தார்கள். ஒரு நூலகத்துக்கு இதைவிடப் பெரிய பயன் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரை முழுவதையும் பிள்ளைகள் படிக்க வேண்டியதில்லை. தலைப்பு, சுருக்கம், படங்களும் அட்டவணைகளும், முடிவுரை, இந்த வரிசையில் போதும். ஆங்கிலம் தடுமாறினால் சுருக்கத்தை மட்டும் ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

சோத்கங்கா இன்னொரு சுரங்கம். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற மத்திய நிறுவனம் நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இயல் இயலாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும், தமிழில் எழுதியவையும் ஏராளம். ஒரு ஆய்வேட்டின் முதல் இயலையும் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலையும் மட்டும் எடுத்துக் கொடுத்தாலே தமிழாசிரியருக்கு ஒரு மாத வேலை மிச்சம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலவச ஆய்விதழ்களுக்கு மட்டும் டி.ஓ.ஏ.ஜே. என்ற பட்டியல். கற்பித்தல் முறை பற்றித் தேடும் ஆசிரியருக்கு எரிக், அமெரிக்கக் கல்வித் துறையுடையது. வரலாறு, இலக்கியத்துக்கு ஜேஸ்டோர், தனிநபர் இலவசக் கணக்கில் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். வேளாண்மை என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம், தமிழிலேயே இருக்கிறது.

ஒரே நாடு ஒரே சந்தா என்று செய்தியில் பார்த்துவிட்டு நம் பள்ளிக்கும் உண்டா என்று தலைமையாசிரியர் கேட்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, கட்டண ஆய்விதழ்களுக்கான அந்தத் திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். பள்ளிகள் அதில் சேராது. கட்டணக் கட்டுரை கட்டாயம் வேண்டுமென்றால் கட்டுரையாளருக்கே நேரடியாக மெயில் எழுதுங்கள். நான்கு வரி போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று சொன்னால் மனமுவந்து அனுப்புகிறவர்கள் அதிகம்.

நான்காம் படி: எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது

வாட்ஸப் குழுக்களில் வரும் நாவல் பி.டி.எஃப்.களை நூலகக் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள். எழுத்தாளரின் சோற்றில் கைவைக்கிற வேலை அது. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் காப்புரிமை உண்டு. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துகள் இன்று எல்லாருக்கும் பொது. 1964-இல் மறைந்த புதுச்சேரியின் பாரதிதாசனுக்கு அந்தக் கணக்குப்படி 2024-உடன் முடிந்தது. 2015-இல் மறைந்த ஜெயகாந்தனுக்கு 2075 முடியும் வரை காப்புரிமை இருக்கிறது. அவர் நூலைப் பிள்ளை கேட்டால் அலமாரியிலிருந்து அச்சு நூலை எடுத்துக் கொடுங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் என்றால் 60 வருடம் காத்திருக்கத் தேவையில்லை. மூல நூல் பொதுவானது என்றாலும், இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரைக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பிள்ளை கைக்குப் போய்ச் சேர

முதல் வருடம் ஆர்வத்தில் இருநூறு பைல்களுக்கு மேல் இறக்கினேன். எல்லாம் வெறும் எண்களாகப் பெயர் வைத்திருந்தன. ஆறு மாதம் கழித்து எது எந்த நூல் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இறக்கிய உடனே ஆசிரியர், தலைப்பு, பதிப்பு ஆண்டு, எடுத்த தளம் என்ற வரிசையில் பெயர் மாற்றிவிடுகிறேன். இருப்புப் பதிவேட்டில் மின்னூலுக்கு என்று தனிப் பக்கம் போட்டு, தேதி, உரிமம், எத்தனை எம்.பி. என்பதையும் எழுதுங்கள். இரண்டு பென்டிரைவில் படி எடுத்து ஒன்றைப் பீரோவிலும் மற்றொன்றைத் தலைமையாசிரியர் அறையிலும் வையுங்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் நெட் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதே காரணத்துக்காகவே கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சிபாரிசு செய்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிவைத்துக்கொண்டு நெட் இல்லாமலேயே படிக்கலாம். நெட் நன்றாக இருக்கும் ஒரு நாள் மாலை இறக்கி, லேபில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

பழைய நூலை முதன்முதலாகத் திறக்கும் பிள்ளை சில எழுத்துகளில் முட்டிக்கொண்டு நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்து இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் துணைக்கால் தனியாக இல்லாமல் ஒட்டிச் சுழிந்து இருக்கும். பழைய பக்கம் ஒன்றிலிருந்து இந்த எழுத்துகளைப் பெரிதாக்கி அச்சிட்டு, பக்கத்திலேயே இன்றைய எழுத்தையும் எழுதி, கம்ப்யூட்டர் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். கால் மணி நேரத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை எழுத்தாக மாற்ற வேண்டுமென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸ் வழியாகத் திறந்தால் தமிழையும் படித்துத் தரும். ஆனால் இந்தப் பழைய எழுத்துகளில் அது தடுமாறும். வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

எதை எடுத்தாலும் எங்கிருந்து எடுத்தோம் என்று பிள்ளை தன் நோட்டில் எழுத வேண்டும்: ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, தளம், பார்த்த தேதி. ஆறாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டால் கல்லூரிக்குப் போனபின் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்

மின்னூல் தொகுப்பு விற்பவர்கள் பள்ளிக்கு வருவார்கள். ஒருமுறை எங்கள் பள்ளி ஒரு வருடச் சந்தா கட்டியது. ஆயிரக்கணக்கில் நூல் என்றார்கள். திறந்து பார்த்தால் தமிழ் நூல்கள் ஒரு அலமாரி அளவுகூட இல்லை. வருடம் முடிந்த மறுநாள் எல்லாம் பூட்டிக்கொண்டது, கையில் ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. அந்தப் பணத்துக்கு அச்சு நூல் வாங்கியிருந்தால் இன்றும் பிள்ளைகள் கையில் இருந்திருக்கும் என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை.

அதனால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். நூல்கள் நமக்குச் சொந்தமா, வாடகையா? தமிழ் எத்தனை, பட்டியலைத் தர முடியுமா? ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் திறக்கலாம்? நெட் இல்லாமல் படிக்க முடியுமா? மாதாமாதம் எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கு வருமா? இலவசச் சோதனைக் காலத்தைப் பரீட்சை மாதத்தில் வாங்காதீர்கள், ஒருவரும் வர மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட் சரியாக இருக்கும். அந்த நாட்களில் ஐந்து பிள்ளைகளிடம் அவர்கள் அட்டையைக் கொடுத்து, அவர்களையே தேடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இணையத்தில் கிடைக்காதபோது

சில கேள்விகளுக்கு எந்தத் தளத்திலும் விடை இருக்காது. அப்போது அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கடலூர் மாவட்ட மைய நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே போனால் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம். வடக்கே போனால் புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும். அந்த நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2005-இல் இடம்பெற்றவை. மூத்த நூலகர்களிடம் அட்டையை நீட்டினால், நாம் எழுதாமல் விட்ட ஒரு பெயரைப் பெரும்பாலும் அவர்கள் சொல்வார்கள். அதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். போகும் முன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்வது நல்லது. தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும். பிள்ளைகளையும் அழைத்துப் போவதானால் எத்தனை பேர் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.